மிதிவண்டியின் பின்னே ஓர் ஒற்றைச் சக்கரம்

நுழையும்முன்

மிதிவண்டி ஓட்டுதல் பழகியவர்க்கு எளிய செயல். அதே மிதிவண்டியில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றி ஓட்டச் சொன்னால், பழகிய கைகளும் தடுமாறும். சுமையின் அளவு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. அச்சுமை எந்த இடத்தில், எந்த உயரத்தில், எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கிறது என்பனவும் காரணங்களே. மிதிவண்டியின் பின்னே பூட்டி இழுக்கப்படும் ஒற்றைச் சக்கர இழுவண்டியைக் கொண்டு இவ்வுண்மையை இப்பாடத்தில் அறிவோம்.

1. மேடும் பள்ளமுமான ஓர் ஊர்

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ள ஊர் காஞ்சிரங்குளம். காஞ்சிரம் என்பது எட்டி மரத்தைக் குறிக்கும் சொல். இவ்வூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் புல்லுவிளை, பூவாறு முதலிய கடற்கரை ஊர்கள் உள்ளன. பூவாற்றில் நெய்யாறு கடலோடு கலக்கிறது. கிழக்கே சென்றால் பாறசாலையும், அதனைக் கடந்தால் தமிழ்நாட்டின் எல்லையூராகிய களியக்காவிளையும் வரும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது அண்டை வட்டமாகிய விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் இன்றும் அருகருகே ஒலிக்கின்றன.

இப்பகுதியின் நிலம் சமவெளி அன்று. கடற்கரை மணலைக் கடந்தவுடன் செம்மண் மேடுகள் எழும்புகின்றன. சாலைகள் ஏறி, இறங்கி, வளைந்து செல்கின்றன. வீட்டு மதில்களுக்கிடையே குறுகிய வழிகளும் உண்டு. மீன், வாழைக்குலை, மரவள்ளிக்கிழங்கு, தேங்காய் முதலியன இவ்வழிகளில்தாம் சந்தைக்கும் வீடுகளுக்கும் செல்லவேண்டும். கடற்கரையில் எடுத்த மீனைப் பெட்டியில் அடுக்கி, மிதிவண்டியின் பின்புறக் கேரியரில் கட்டி, உள்ளூர்களுக்குக் கொண்டுசென்று விற்றல் இக்கரையோரத்தின் பழைய தொழில்களுள் ஒன்று. இன்று அவ்விடத்தை மோட்டார் வண்டிகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. எனினும் எரிபொருட் செலவு இல்லாத மிதிவண்டி, சிறு வணிகர்க்கும் உழவர்க்கும் இன்னும் துணையாக இருக்கிறது.

மீன் விற்பவர் ஒருவர் 40 கிலோ எடையுள்ள பெட்டியோடு ஓர் இறக்கத்தில் விழுந்தார் என்று கொள்வோம். மீன் மண்ணில் சிதறும். அன்றைய வருவாய் போகும். மீன் வாங்கப் போட்ட முதலும் போகும். அவருடைய உடலுக்கும் ஊறு நேரும். ஆதலின் சுமையை எங்கே வைப்பது என்னும் வினா, அறிவியல் வினா மட்டும் அன்று. ஒரு வீட்டின் அடுப்பெரியும் வினாவும் ஆகும்.

2. கேரியரில் ஏற்றிய சுமை

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் செயற்படுவதாகக் கொள்ளலாம். அப்புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். மிதிவண்டியும் அதனை ஓட்டுபவரும் சேர்ந்து 75 கிலோ என்றும், இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தொலைவு 110 செ.மீ. என்றும், ஈர்ப்பு மையம் பின்னச்சுக்கு 45 செ.மீ. முன்னே உள்ளது என்றும் கொள்வோம். நெம்புகோல் தத்துவப்படி, சமதரையில் முன் சக்கரம் ஏறத்தாழ 31 கிலோவைத் தாங்கும்.

இப்போது 40 கிலோ சுமையைக் கேரியரில், பின்னச்சுக்கு 10 செ.மீ. பின்னே அமையுமாறு கட்டுவோம். அச்சுமை பின்புறத்தை அழுத்துவதோடு முன்புறத்தைச் சற்றுத் தூக்கவும் செய்யும். முன் சக்கரத்தின் பங்கு 27 கிலோவாகக் குறையும். இவ்வண்டி, 10 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் செல்லும்போது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்குமானால், முன் சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 17 கிலோவாகச் சுருங்கிவிடும்.

வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். அது தரையை நன்கு அழுத்தினால்தான் திருப்பம் கைக்கு அடங்கும். 31 கிலோ அழுத்திய இடத்தில் 17 கிலோ மட்டும் அழுத்தும்போது கைப்பிடி அலைபாய்கிறது. ஏற்றத்தில் சுமையோடு செல்பவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதற்கு உடற்சோர்வு ஒன்றே காரணம் அன்று என்பது இதனால் விளங்கும்.

இத்தனை இடர்ப்பாடு இருந்தும் மக்கள் மிதிவண்டியைக் கைவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக, ஊர்ப்புறப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பிறருடைய துணையை எதிர்பாராமல் தண்ணீர்க் குடங்களையும் விளைபொருள்களையும் தாமே கொண்டுசென்றனர். சுமை சுமக்கும் மிதிவண்டி ஒருவருக்குத் தற்சார்பைத் தரவல்லது. அத்தற்சார்பு விழாமல் நிற்கச் சுமையும் விழாமல் நிற்கவேண்டும்.

3. இழுவண்டியும் அதன் இரு வகைகளும்

சுமையை மிதிவண்டியின் மேல் ஏற்றாமல், பின்னே தனியாக ஒரு சிறு வண்டியில் வைத்து இழுக்கலாம். இதனை டிரெய்லர் என்று வழங்குவர். நாம் இழுவண்டி என்போம். மிதிவண்டி, இழுவண்டி என்னும் இரு சொற்களிலும் காலம் மறைந்து நிற்கிறது. இழுத்த வண்டி, இழுக்கின்ற வண்டி, இழுக்கும் வண்டி என விரித்துப் பாருங்கள். வினைத்தொகை என்பது புலப்படும்.

இழுவண்டி இரு வகைப்படும். முதல் வகைக்கு இரு சக்கரங்கள். அது தானே நிற்கும். மிதிவண்டி சாய்ந்தாலும் தான் சாயாது. இரண்டாம் வகைக்கு ஒரே சக்கரம். அது தானே நிற்காது. மிதிவண்டி சாயும் பக்கம் தானும் சாயும். அமெரிக்காவில் பாப் என்னும் நிறுவனம் செய்த யாக் என்னும் இழுவண்டி இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் சக்கரம் 16 அங்குல அளவுடையது. அது மிதிவண்டியின் பின்னச்சின் இரு முனைகளிலும் பூட்டப்படும். அதில் ஏற்றத்தக்க சுமையின் மேல் வரம்பு 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோ. போலந்து நாட்டின் எக்ஸ்ட்ராவீல் என்னும் இழுவண்டியில் மிதிவண்டியின் சக்கரத்தை ஒத்த பெரிய சக்கரம் இருக்கும். சுமை அதன் இருபுறமும் பைகளாகத் தொங்கும். நெடுந்தொலைவு பயணம் செய்வோர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

தானே நிற்கும் வண்டியை விடுத்து, தானே நிற்காத வண்டியை ஒருவர் ஏன் விரும்பவேண்டும்? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, குறுகிய வழி. மிதிவண்டி நுழையும் ஒற்றையடிப் பாதையில் ஒற்றைச் சக்கரமும் நுழையும். இரண்டாவது, பள்ளம். இரு சக்கரங்களுள் ஒன்று குழியில் இறங்கினால் வண்டி ஒருபக்கம் சரியும். ஒற்றைச் சக்கரத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் தம் சக்கரங்கள் சென்ற தடத்திலேயே கொண்டுசெல்லலாம். மூன்றாவது, வளைவு. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

4. வளைவில் நிகழ்வது

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு மிதிவண்டி திரும்புகிறது. அப்போது ஓட்டுபவர் வளைவின் உட்புறமாக ஏறத்தாழ 18 பாகை சாய்கிறார். சாயாவிட்டால் அவர் வெளிப்புறம் விழுவார். நேரே செல்ல முற்படும் நிலைமமும், கீழே இழுக்கும் எடையும் அச்சாய்வில் ஈடுகட்டப்படுகின்றன.

இரு சக்கர இழுவண்டியால் அவ்வாறு சாய இயலாது. அதன் சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ. அகலமும், சுமையின் ஈர்ப்பு மையம் 50 செ.மீ. உயரத்திலும் இருப்பின், மேற்கூறிய வளைவை அது தீங்கின்றிக் கடக்கும். சுமையை உயரமாக அடுக்கி ஈர்ப்பு மையத்தை 1 மீட்டருக்கு உயர்த்திவிட்டால், அதே வேகத்தில் அவ்வண்டி குடைசாயும். மாட்டுவண்டி கவிழ்வதைக் குடைசாய்தல் என்று நம் ஊர்களில் கூறுவர். வைக்கோலை உயர அடுக்கிய வண்டி வளைவில் குடைசாய்வதற்கும் இதுவே காரணம்.

ஒற்றைச் சக்கர இழுவண்டியோ மிதிவண்டியோடு சேர்ந்து அதே 18 பாகை சாய்கிறது. ஓட்டுபவரின் உடலுக்கு ஏற்படும் ஈடு, சுமைக்கும் ஏற்படுகிறது. ஆதலால் வளைவில் அது தனியே குடைசாய்வதில்லை.

எனினும் வளைவில் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இழுவண்டியின் சக்கரம், மிதிவண்டியின் பின் சக்கரத்தைவிடச் சற்று உட்புறமாகச் செல்லும். பின்னச்சிலிருந்து இழுவண்டியின் அச்சு 1 மீட்டர் தொலைவில் உள்ளது என்போம். பின் சக்கரம் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், இழுவண்டிச் சக்கரம் ஏறத்தாழ 4.9 மீட்டர் ஆரத்தில் திரும்பும், 10 செ.மீ. உள்வாங்கும். 3 மீட்டர் ஆரமுள்ள குறுகிய திருப்பத்தில் இவ்வேறுபாடு 17 செ.மீ. ஆகும். மதில் மூலையிலும் ஓடையின் விளிம்பிலும் இவ்வளவே போதும், சக்கரம் இடிக்க அல்லது இறங்க. எனவே அகலமாக எடுத்துத் திரும்புதல் வேண்டும்.

5. இணைப்பு: இரண்டுக்கு இசைவு, ஒன்றுக்குத் தடை

ஒற்றைச் சக்கர இழுவண்டியின் உயிர்நிலை அதன் இணைப்பே. மிதிவண்டிக்கும் இழுவண்டிக்கும் இடையே மூன்று வகை அசைவுகள் நிகழக்கூடும். இடமும் வலமுமாகத் திரும்புதல் ஒன்று. மேலும் கீழுமாக மடங்குதல் மற்றொன்று. பக்கவாட்டில் புரளுதல் மூன்றாவது.

வளைவில் செல்ல முதல் அசைவு தேவை. மேட்டில் ஏறி அப்புறம் இறங்க இரண்டாம் அசைவு தேவை. மூன்றாம் அசைவு மட்டும் கூடாது. அதற்கும் இடங்கொடுத்தால், தானே நிற்க இயலாத இழுவண்டி அந்நொடியே பக்கவாட்டில் விழுந்துவிடும். ஆகவே நல்ல இணைப்பு இரண்டு அசைவுகளுக்கு இசைந்து, மூன்றாவதைத் தடுக்கும்.

கதவின் கீலைக் கவனியுங்கள். கதவு திறக்கவும் மூடவும் கீல் இடந்தருகிறது. தொங்கவோ சரியவோ இடந்தருவதில்லை. இழுவண்டியின் முன்பகுதியில் இரு கவைகள் நீண்டு பின்னச்சின் இரு முனைகளையும் பற்றுகின்றன. அவ்வச்சே மேல்கீழ் அசைவுக்குரிய கீலாகிறது. அதற்குச் சற்றுப் பின்னே, செங்குத்தாக நிற்கும் மற்றொரு கீல் இடவலத் திருப்பத்துக்கு உரியது. கவைகள் அச்சை இருபுறமும் பற்றியிருப்பதால் புரளல் தடுக்கப்படுகிறது.

கீல் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால், தடுக்கப்படவேண்டிய அசைவு சிறிது சிறிதாக உள்ளே நுழையும். கவைகள் பூட்டிய இடத்தில் கடையாணி கழன்றால் இழுவண்டி ஒருபக்கம் விடுபட்டுப் புரளும். புறப்படுமுன் சுமையைச் சரிபார்ப்பதைவிட இணைப்பைச் சரிபார்ப்பது முதன்மையானது.

சில இழுவண்டிகளை இருக்கையின் தண்டிலும் பூட்டுவதுண்டு. அவ்விடம் உயரமானது. உயரத்தில் பக்கவாட்டாகத் தள்ளினால் மிதிவண்டி எளிதில் சாயும். அச்சின் அளவில் தள்ளினால் அவ்வளவு சாயாது. நிற்கும் மிதிவண்டியை இருக்கையில் ஒரு விரலாலும், பின்னச்சில் ஒரு விரலாலும் தள்ளிப் பார்த்தால் இவ்வேறுபாடு புரியும்.

6. முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களைப் பயன்படுத்தினர். சுமை முன்னே மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். சுமை பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும், அது பின்பாரம். இரண்டும் தீயவை. வண்டியில் ஏறியவுடன், "சற்று முன்னே தள்ளி உட்காருங்கள்" என்று வண்டிக்காரர் சொல்வது இதனால்தான்.

ஒற்றைச் சக்கர இழுவண்டிக்கும் இதே கணக்குப் பொருந்தும். மிதிவண்டியின் பின்னச்சிலிருந்து இழுவண்டியின் அச்சு 100 செ.மீ. தொலைவில் உள்ளது என்க. 20 கிலோ சுமையின் ஈர்ப்பு மையம் 60 செ.மீ. தொலைவில் அமைந்தால், இழுவண்டிச் சக்கரம் 12 கிலோவையும் மிதிவண்டி 8 கிலோவையும் தாங்கும். இது தக்க பங்கீடு. இந்த 8 கிலோவும் பின்னச்சின் மீதே நேராக இறங்குவதால், முன் சக்கரத்தின் அழுத்தம் குறைவதில்லை. கேரியரில் கட்டிய சுமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவிற் கொள்க.

அதே சுமையைச் சக்கரத்துக்கும் பின்னே, 120 செ.மீ. தொலைவில் வைத்தால் யாது நேரும்? இழுவண்டிச் சக்கரம் 24 கிலோவைத் தாங்கும். இணைப்பு 4 கிலோ அளவுக்கு மிதிவண்டியின் பின்புறத்தை மேலே தூக்கும். பின் சக்கரத்தின் பிடி தளரும். இழுவண்டி இடமும் வலமும் அலையத் தொடங்கும். இது பின்பாரத்தின் தீமை.

சுமையைப் பங்கிடும் இவ்வறிவு மிகப் பழையது. சீனாவில் ஹான் பேரரசுக் காலத்திலேயே (கி.மு. 206 – கி.பி. 220) ஒற்றைச் சக்கரக் கைவண்டி இருந்தது. பிற்காலத்தில் அங்கே பரவலாக வழங்கிய கைவண்டியில் பெரிய சக்கரம் நடுவில் அமைந்தது. சுமை அதன் இருபுறமும் ஏற்றப்பட்டது. ஆகவே எடையைச் சக்கரமே தாங்கும். தள்ளுபவர் சமநிலையை மட்டும் காப்பார். ஐரோப்பியக் கைவண்டியில் சக்கரம் முன்முனையில் உள்ளது; சுமையின் ஒரு பங்கைத் தள்ளுபவர் கைகளே தாங்குகின்றன. கட்டடப் பணிகளில் மணலும் சிமெண்டுக் கலவையும் தள்ளிச் செல்லும் கைவண்டி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது.

முன்பின் நிலையைப் போலவே உயரமும் கருதத்தக்கது. மிதிவண்டி ஒரு பக்கம் சாயும்போது, 90 செ.மீ. உயரத்தில் உள்ள சுமை, 30 செ.மீ. உயரத்தில் உள்ள அதே சுமையைப்போல் மூன்று மடங்கு வலிமையோடு அதனைக் கவிழ்க்க முற்படும். அவ்வலிமை முழுவதும் இணைப்பின் வழியாக ஓட்டுபவரையே சேர்கிறது. எனவே கனமானவை அடியிலும், இலேசானவை மேலும், இருபுறமும் சம எடையாகவும் அமையவேண்டும். கயிற்றால் இறுகக் கட்டவேண்டும். பாதியளவு நீர் நிறைந்த குடம் ஓட்டத்தில் தளும்பி வண்டியை அலைக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

7. இறக்கத்தில் ஓட்டும் முறை

இழுவண்டிக்குத் தனித் தடை, அதாவது பிரேக், பெரும்பாலும் இருப்பதில்லை. மிதிவண்டியை நிறுத்தும்போது இழுவண்டி தன் நிலைமத்தால் முன்னே தள்ளுகிறது. இழுவண்டியும் சுமையும் சேர்ந்து 25 கிலோ என்றும், வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் வீதம் குறைகிறது என்றும் கொண்டால், அத்தள்ளுதல் 62.5 நியூட்டன், ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமம். இறக்கத்தில் இது மேலும் மிகும்.

இரண்டும் நேர்கோட்டில் இருக்கும்போது இத்தள்ளுதல் மிதிவண்டியின் நீளவாக்கில் செல்லும். அதனால் பெருந்தீங்கு இல்லை. மிதிவண்டி திரும்பி, இரண்டுக்கும் இடையே 30 பாகைக் கோணம் இருக்கும்போது தடையை அழுத்தினால், தள்ளுதலில் பாதியளவு பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஈரமான சாலையில் பின் சக்கரம் வழுக்கும். கோணம் மேலும் மிகும், தள்ளுதலும் மிகும். முடிவில் மடக்குக்கத்தி மூடுவதைப்போல் இரண்டும் மடங்கிவிடும்.

இதிலிருந்து பெறப்படும் விதி எளியது: வளைவுக்கு முன்னரே, நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும், வளைவுக்குள் தடையை அழுத்திப் பிடித்தல் கூடாது.

வேகத்தின் விளைவையும் அறிக. மேற்கூறிய தடையளவில், மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி தடையை அழுத்தியபின் 5 மீட்டரில் நிற்கும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சென்றால் 20 மீட்டர் தேவைப்படும். வேகம் இருமடங்கானால் நிறுத்தும் தொலைவு நான்கு மடங்காகிறது. இறக்கத்தில் இத்தொலைவு இன்னும் நீளும்.

8. வாலாட்டம்

சில வேளைகளில், நேரான சாலையிலும் இழுவண்டி மீனின் வாலைப்போல் இடவலமாக ஆடத் தொடங்கும். ஊஞ்சலை அது வரும் வேளை பார்த்துத் தள்ளினால் ஆட்டம் பெருகுவது உங்களுக்குத் தெரியும். அதைப்போல, இழுவண்டியின் ஆட்டமும் மிதிவண்டியின் அசைவும் ஒத்துப்போகும் வேகம் ஒன்று உண்டு. அவ்வேகத்தில் சிறு ஆட்டமும் பெரிதாகும். உயரமான சுமை, பின்பாரம், தளர்ந்த கீல், காற்றுக் குறைந்த டயர், வளைந்து கொடுக்கும் மெலிந்த சட்டம் ஆகியவை இதனைத் தூண்டும்.

வாலாட்டம் தொடங்கியதும் அஞ்சிக் கைப்பிடியை வெடுக்கெனத் திருப்புதல் கூடாது. தடையைச் சட்டென அழுத்துதலும் கூடாது. மிதிப்பதை நிறுத்தி, கைப்பிடியை நேராக வைத்து, வேகத்தை மெல்லக் குறைக்கவேண்டும். ஆட்டம் அடங்கியபின் இறங்கிச் சுமையை மாற்றி அடுக்கவேண்டும். அடுக்காமல் மீண்டும் ஓட்டினால் அதே வேகத்தில் அதே ஆட்டம் திரும்பும்.

9. நிற்கும்போது

ஓடும்போது மிதிவண்டி நிமிர்ந்து நிற்கக் காரணம், ஓட்டுபவர் கைப்பிடியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, விழும் பக்கத்துக்குச் சக்கரங்களைக் கொண்டுவருதலே. நின்றுவிட்டால் அவ்வுதவி இல்லை. தன் சமநிலைக்கு மிதிவண்டியையே நம்பியிருக்கும் ஒற்றைச் சக்கர இழுவண்டியும் அப்போது சாயும். பக்கத் தாங்கி ஒன்றை மட்டும் நம்பி நிறுத்தினால், சுமையின் எடை வண்டியையே சாய்த்துவிடும். சுவரையோ மரத்தையோ சார்த்தி நிறுத்துவது நன்று. சுமை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒருவர் மிதிவண்டியைப் பற்றிக்கொள்ள, மற்றவர் சுமையைக் கையாளவேண்டும். பின்னோக்கித் தள்ளினால் இழுவண்டி உடனே மடங்கும். ஆதலின் இறங்கி, இழுவண்டியைக் கையால் தூக்கித் திருப்புதலே எளிது. இவ்வண்டியில் குழந்தைகளையோ வேறு எவரையோ ஒருபோதும் ஏற்றுதல் கூடாது.

10. வலி அறிந்து ஏற்றுதல்

மீண்டும் காஞ்சிரங்குளத்துச் சாலைக்கு வருவோம். நாம் கண்ட மீன் வணிகருக்கு ஒற்றைச் சக்கர இழுவண்டி ஏற்றதா? அவர் 20 கிலோ அளவில் மீன் எடுத்துக் குறுகிய வழிகளில் வீடுவீடாகச் செல்பவராயின் ஏற்றதே. பெட்டி தாழ்வாக இருக்கும். ஏற்றத்தில் முன் சக்கரம் தன் பிடியை இழக்காது. வளைவில் சுமை அவரோடு சாயும். அவர் சுமப்பது 40 கிலோவாயின் ஏற்றது அன்று. அது 32 கிலோ என்னும் வரம்பைக் கடந்தது. அவர் இருமுறை நடைபோடலாம். அல்லது அகன்ற சாலை வழியே இரு சக்கர இழுவண்டியைக் கொண்டு மெல்லச் செல்லலாம். எல்லாச் சுமைக்கும் எல்லா வழிக்கும் ஏற்ற வண்டி என்று ஒன்று இல்லை.

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் கூறுகிறார். அச்சின் வலி, கீலின் வலி, தடையின் வலி, நம் தோளின் வலி ஆகிய அனைத்தையும் அறிந்தே சுமையின் அளவை முடிவு செய்யவேண்டும்.

உங்கள் பெற்றோருள் பலர் பணியின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள். உங்கள் தாத்தா பாட்டியருள் சிலர் மாட்டுவண்டியில் நெல்லும் மிதிவண்டியில் பால் கேனும் கொண்டுசென்றிருக்கக்கூடும். கணக்கை ஏட்டில் எழுதாமலே, முன்பாரம் எது, பின்பாரம் எது என்று கை உணரச் சுமையை அடுக்கியவர்கள் அவர்கள். நாம் மேலே எழுதிய கணக்குகள் அந்தக் கையறிவையே எண்களால் விளக்குகின்றன. அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது அவர்களிடம் கேளுங்கள். நூல்களில் இல்லாத சொற்கள் சில உங்களுக்குக் கிடைக்கும்.

செய்து பார்ப்போம்

தேவையானவை: 30 செ.மீ. அளவுகோல், பென்சில், நாணயங்கள் இட்ட தீப்பெட்டி.

அளவுகோலின் 25 செ.மீ. கோட்டுக்கு அடியில் பென்சிலைக் குறுக்காக வையுங்கள். பென்சில்தான் இழுவண்டியின் சக்கரம். அளவுகோலின் தொடக்க முனையை ஒரு விரலால் தாங்குங்கள். விரல்தான் மிதிவண்டி. தீப்பெட்டியை விரலின் அருகே வையுங்கள். பின்னர்ச் சிறிது சிறிதாகப் பென்சிலை நோக்கி நகர்த்துங்கள். விரலில் உணரும் எடை எவ்வாறு மாறுகிறது? தீப்பெட்டி பென்சிலைக் கடந்து மறுமுனைக்குச் சென்றதும் விரலின் மேலுள்ள முனை என்ன செய்கிறது? முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களைப் பயன்படுத்தி ஐந்து வரிகளில் எழுதுங்கள்.

சொற்பொருள்

ஊறு – துன்பம், காயம்
கவை – இரண்டாகப் பிரிந்த கிளை போன்ற உறுப்பு
கீல் – கதவு முதலியன அசைவதற்கு உதவும் இணைப்பு
கடையாணி – கழலாதபடி முனையில் செருகும் ஆணி
நுகத்தடி – மாடுகளின் கழுத்தில் வைக்கும் குறுக்குத் தடி
குடைசாய்தல் – வண்டி கவிழ்தல்
நிலைமம் – இருந்த நிலையிலேயே தொடர முற்படும் தன்மை
வலி – வலிமை

பயிற்சி

1. சுமையோடு ஏற்றத்தில் செல்லும் மிதிவண்டியின் கைப்பிடி ஏன் அலைபாய்கிறது?
2. ஒற்றைச் சக்கர இழுவண்டியின் இணைப்பு எவ்வகை அசைவுகளுக்கு இசையவேண்டும்? எதனைத் தடுக்கவேண்டும்? ஏன்?
3. பின்னச்சுக்கும் இழுவண்டி அச்சுக்கும் இடைத்தொலைவு 100 செ.மீ. 20 கிலோ சுமையின் ஈர்ப்பு மையம் 75 செ.மீ. தொலைவில் உள்ளது. மிதிவண்டி தாங்கும் எடை எவ்வளவு?
4. வளைவுக்குள் தடையை அழுத்துதல் தீங்கானது. இக்கூற்றைக் காரணம் காட்டி விளக்குக.
5. சீனக் கைவண்டிக்கும் ஐரோப்பியக் கைவண்டிக்கும் உள்ள வேறுபாடு யாது?
6. மிதிவண்டி, இழுவண்டி ஆகிய சொற்களை மூன்று காலங்களுக்கும் விரித்து எழுதுக.
7. குடைசாய்தல், பின்பாரம், கடையாணி ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
8. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம், அவர்கள் காலத்தில் சுமைகளை எவ்வாறு கொண்டுசென்றனர் என்று கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக. அவர்கள் கூறிய புதிய சொற்களை அடிக்கோடிடுக.